இரண்டாம் தொட்டி

கழுவுகிற வேலையை யாரும் வேலையென்று மதிப்பதில்லை, மேடம். வீட்டில் பாத்திரம் கழுவுகிறவர்களைக் கேட்டால் அவர்களும் இதையேதான் சொல்வார்கள். என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று யாராவது கேட்டால், ஊரார் காதைக் கழுவிக் கொடுக்கிறேன் என்பேன். சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். அதற்குமேல் கேட்க மாட்டார்கள், எனக்கும் அது வசதியாகவே இருந்தது.

நீங்கள் கேட்பதால் முழுதாகச் சொல்கிறேன். காது சரியாகக் கேட்காதவர்கள் மாட்டிக்கொள்ளும் கருவி இருக்கிறதல்லவா, அது காதுக்குள் பொருந்தி உட்கார ஒரு துண்டு வேண்டும். மோல்டு என்போம். ஒருவர் காது மாதிரி இன்னொருவர் காது இருக்காது. அதனால் ஒவ்வொன்றையும் தனியாகச் செய்ய வேண்டும். எங்கள் பட்டறையில் பிரிண்டர் செய்கிறது. ரெசின் என்று ஒரு திரவம். ஒளி பட்ட இடம் இறுகும், படாத இடம் திரவமாகவே நிற்கும். பிரிண்டரிலிருந்து எடுக்கும்போது மோல்டின் மேல் இறுகாத ரெசின் தேன் மாதிரி வழியும். அதைக் கழுவி எடுப்பதுதான் என் வேலை.

முதல் தொட்டி ஸ்பிரிட்டில் போட்டுக் குலுக்க வேண்டும். பெரும்பாலான பிசுக்கு அதில் இறங்கிவிடும். பிறகு இரண்டாம் தொட்டி. அதில் ஸ்பிரிட் எப்போதும் புதிதாக இருக்க வேண்டும். மோல்டின் குறுக்கே காற்றுப் போக மெல்லிய துளை ஒன்று இருக்கும், அதற்குள் ஊசியில்லாத சிரிஞ்சால் ஸ்பிரிட்டைப் பீய்ச்ச வேண்டும். உலர்த்தி லைட்டக்காவிடம் கொடுத்தால் அவர் ஒளிப்பெட்டிக்குள் வைத்து முழுதாக இறுக வைப்பார். லைட்டக்கா என்பது நாங்கள் வைத்த பெயர். அந்தப் பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, வருகிறவர் போகிறவரையெல்லாம் கிண்டல் செய்துகொண்டிருப்பார். என்னை அவர் "சலவைக்காரரே" என்றுதான் கூப்பிடுவார்.

புதிதாக வருகிறவர்கள் ஒரே தப்பைத்தான் செய்வார்கள். முதல் தொட்டியிலிருந்து எடுத்த மோல்டு பளபளவென்றிருக்கும். ஆகா, சுத்தமாகிவிட்டது என்று நினைத்துவிடுவார்கள். அந்தப் பளபளப்புதான் அழுக்கு. ஒழுங்காகக் கழுவிய மோல்டு காய்ந்ததும் மங்கலாக இருக்கும். துளைக்குள் ரெசின் நின்றுவிட்டால் இன்னும் மோசம், பெட்டியின் ஒளி அதற்குள் போய்ச் சேராது. காதின் சூட்டில் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து தோலைப் புண்ணாக்கும். இதை நானே எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். எனவே எனக்குத் தெரியாது என்று உங்களிடம் சொல்லப் போவதில்லை.

என் மகளைப் பற்றிக் கேட்டீர்கள். கைக்குழந்தையாக இருந்தபோது வந்த காய்ச்சலில் அவளுக்குக் கேட்கும் திறன் பெரும்பாலும் போய்விட்டது. அவள் பள்ளிக்கூடம் போகுமுன்பே என் மனைவி இறந்துபோனாள். அப்போது கிடைத்த கருவிகள் பேருக்குத்தான் கருவிகள், விசில்தான் அடிக்கும். இருந்தாலும் என் வாயசைவைப் பார்த்துப் பார்த்தே பேசக் கற்றுக்கொண்டாள். கடையில், பஸ்ஸில், ஆஸ்பத்திரியில், எங்கே போனாலும் எல்லாரும் என்னைத்தான் கேட்பார்கள்: "பொண்ணுக்கு என்ன வேணும்?" நான் சொல்வேன். சில சமயம் அவள் நீலச் சட்டையைக் காட்டுவாள், நான் பச்சை என்பேன். பச்சைதான் அவளுக்கு எடுப்பாக இருக்கும்.

கையால் பேசக் கற்றுக்கொடுக்கும் பள்ளி ஒன்று இருப்பதாக அவளுடைய பெரியம்மா சொன்னாள். நான் சேர்க்கவில்லை. ஊரில் யாருக்கு அந்தப் பேச்சு புரியப்போகிறது, வீட்டில்தான் நான் இருக்கிறேனே என்று சொல்லிவிட்டேன். அந்தப் பெரியம்மா அதற்குப்பிறகு எங்கள் வீட்டுப் பக்கம் அதிகம் வருவதில்லை.

பட்டறையில் நான் சேர்ந்த பிறகு முதலாளி நல்ல மனதோடு அவளுக்குப் புதுக் கருவி வாங்க உதவினார். அவளுடைய முதல் மோல்டைக் கழுவியவன் நான்தான். அவ்வளவு சுத்தமாக என் வாழ்நாளில் வேறெதையும் கழுவியதில்லை. மாட்டிக்கொண்டதும் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தாள். குழாயைத் திறந்து திறந்து மூடினாள். பிறகு என் பக்கம் திரும்பி, "அப்பா, உங்க குரல் இவ்வளவு மெலிசா இருக்கும்னு நான் நினைக்கவே இல்ல," என்றாள். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள், மேடம். நான் அவளுக்குக் கெடுதல் நினைத்தவன் இல்லை.

அப்புறம் ஒவ்வொன்றாக மாறியது. பஸ்ஸில் டிக்கெட் கேட்டால் நான் வாயைத் திறப்பதற்குள் அவள் பதில் சொல்லிவிடுவாள். துணிக்கடையில் ஒருநாள், "அப்பா, நீங்க பேசாதீங்க, நானே கேட்டுக்கறேன்," என்றாள். கடைக்காரர் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். அன்று அவள் நீலம் வாங்கினாள். போனை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். யாரிடம் என்று நான் கேட்கவில்லை.

எனக்குப் பொறுக்காதது இது ஒன்றும் இல்லை. முன்பெல்லாம் நான் பேசினால் அவள் என் முகத்தைப் பார்த்தாக வேண்டும். கையில் என்ன வேலை இருந்தாலும் விட்டுவிட்டுப் பார்ப்பாள். இப்போது நான் கூடத்திலிருந்து ஏதாவது கேட்டால் அடுக்களைக்குள்ளிருந்து முதுகைக் காட்டியபடியே பதில் வரும். பதில் சரியாகத்தான் இருக்கும், மரியாதையாகவும் இருக்கும். ஆனால் அவள் முகத்தைப் பார்க்கவே எனக்கு வழியில்லாமல் போய்விட்டது. அவள் பக்கத்திலேயே இருந்தும் ஏங்கிப் போனேன்.

அந்த நேரத்தில்தான் அவளுக்கு வேறு ஊரில் டீச்சர் வேலை வந்தது. காது கேட்காத குழந்தைகளுக்கான பள்ளி. அங்கேயே தங்கி வேலை பார்க்க வேண்டும். ஒருநாள் வகுப்பு எடுத்துக் காட்டச் சொன்னார்கள், பிடித்திருந்தால் சேர்த்துக்கொள்வார்களாம். அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை. நெஞ்சு வலிக்கிறது என்றேன். பொய் என்று நினைக்காதீர்கள், நிஜமாகவே வலித்தது. டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். அவர் என்னைப் பரிசோதித்துவிட்டு, என்னைத் தாண்டி அவளைப் பார்த்துச் சொன்னார்: "அப்பாவுக்கு ஒண்ணும் இல்லம்மா. தனியா இருக்கணுமேன்னு பயம், அவ்வளவுதான். தைரியம் சொல்லுங்க." என் எதிரிலேயே என்னைப் பற்றி இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் ஒருவர் வாயை மாற்றி இன்னொருவர் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன். வெட்கம் பார்க்கவில்லை.

"போகாதம்மா. உன்னை விட்டா எனக்கு யாரு இருக்கா?"

"வாராவாரம் வருவேன்ப்பா. தினமும் போன் பண்றேன்."

"முகத்தைப் பாக்காம எனக்குப் பேச வராதும்மா."

"பழகிக்கலாம்ப்பா. நான் எவ்வளவு பழகிக்கிட்டேன், பாருங்க." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். குத்திக்காட்டுகிற பிள்ளை இல்லை அவள்.

பழைய மோல்டு தளர்ந்து விசில் அடித்ததால், வகுப்பெடுக்கும் நாளுக்குமுன் புதிதாக ஒரு ஜோடி செய்யக் கொடுத்திருந்தாள். அன்று காலையில் தட்டில் வந்த மோல்டுகளில் அவளுடையது எது என்று சீட்டைப் பார்க்காமலே எனக்குத் தெரிந்தது. அந்தக் காதைக் குளிப்பாட்டித் துடைத்தவன் நான். முதல் தொட்டியில் போட்டேன், குலுக்கினேன், எடுத்தேன். பளபளவென்றிருந்தது. இரண்டாம் தொட்டி கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் இருந்தது. ஸ்பிரிட்டும் அன்றுதான் மாற்றியது. நான் கையை நீட்டவில்லை. சிரிஞ்சையும் எடுக்கவில்லை. மேலாக மட்டும் துணியால் ஒற்றி, மங்கலாகத் தெரிகிற மாதிரி செய்து லைட்டக்காவிடம் கொடுத்தேன்.

மற்றவர்கள் கழுவிக் கொடுத்தால் லைட்டக்கா துளையை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்ப்பார். நான் கொடுத்தால் பார்ப்பதில்லை. "சலவைக்காரர் கை பட்டா பாக்க வேண்டியதில்ல," என்று அன்றும் சொல்லிவிட்டுப் பெட்டிக்குள் வைத்தார்.

கொஞ்சம் அரிக்கும், அவ்வளவுதான் என்று நினைத்தேன். அந்த வகுப்பு நாள் தாண்டுகிறவரை கருவியை மாட்ட முடியாமல் இருந்தால் போதும். பிறகு நானே நல்ல மோல்டாகக் கழுவிக் கொடுத்துவிடுவேன், எல்லாம் பழையபடி ஆகிவிடும். இப்போது சொல்லும்போது சின்னப் பிள்ளைக் கணக்கு மாதிரி இருக்கிறது. அப்போது அது ஒன்றுதான் எனக்கு வழியாகத் தெரிந்தது.

அரித்தது. சொறிந்துகொண்டே வந்து காட்டினாள். காதின் வாயில் சிவந்திருந்தது. "புதுசு அப்படித்தான் இருக்கும். கழட்டாம போட்டுப் பழகு," என்றேன். மோல்டு விஷயத்தில் நான் சொன்னால் அவளுக்கு அதற்கு மேல் பேச்சில்லை. கழற்றாமல் போட்டாள். நீர் வடிந்தது, தலையணை உறை நனைந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு போட்டாள். வகுப்புக்குள் பழகிவிட வேண்டுமே என்ற அவசரம் அவளுக்கு.

ஒரு கட்டத்தில் தாங்க முடியாமல் மோல்டை என் உள்ளங்கையில் வைத்தாள். "நீங்களே திரும்ப ஒருதடவை கழுவிக் கொடுங்கப்பா. உங்க கைமேலதான் எனக்கு நம்பிக்கை," என்றாள். வாங்கிக்கொண்டு பட்டறைக்குப் போனேன். மோல்டைப் போட்டு எடுத்துப்போன பை என் மேசை இழுப்பறையிலேயே இருந்தது. மாலையில் அப்படியே திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தேன். கழுவிட்டேன் என்றேன். அவள் நன்றி சொன்னாள்.

முதல் தடவையைக் கை தவறியது என்று யாராவது மன்னித்தாலும் மன்னிக்கலாம். இதற்கு என்ன சொல்வதென்று நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். வகுப்பு நாள் இன்னும் வரவில்லை என்பது மட்டும்தான் அன்று என் மனதில் இருந்தது.

வகுப்புக்கு நானும் கூடப் போனேன். அவளால் இரண்டு காதிலும் எதையும் வைக்க முடியவில்லை, வீங்கியிருந்தது. "நான் இருக்கேன்ல, பாத்துக்கலாம்," என்றேன். வகுப்பின் பின்சுவரை ஒட்டி நின்றேன். பிள்ளைகள் குழறலாகத்தான் பேசும், வாயசைவும் சரியாக இருக்காது. ஒரு குட்டிப் பெண் ஏதோ கேட்டாள், கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டாள். என் மகளுக்குப் புரியவில்லை. பின்னாலிருந்து நான் வாயை அசைத்துச் சொன்னேன். அவள் என்னைப் பார்த்தாள், பிறகு பிள்ளைக்குப் பதில் சொன்னாள். அந்த வகுப்பு முழுக்க அவள் கண் என்மேல்தான் இருந்தது. கடைசியில் தலைமையாசிரியை என்னை வெளியே கூப்பிட்டு, "தப்பா நினைக்காதீங்க, பாடம் நடத்தினது உங்க பொண்ணா, நீங்களா?" என்று கேட்டார்.

திரும்பும்போது பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து அழுதுகொண்டே வந்தாள். நான் ஆறுதல் சொல்லும்போதெல்லாம் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். நான் மறைக்க விரும்பவில்லை, மேடம். அன்று எனக்கு மனம் நிறைந்திருந்தது.

மறுநாளே பிரிண்டரில் புது ஜோடி போடவைத்து, புது ஸ்பிரிட் ஊற்றி, துளைக்குள் பீய்ச்சிப் பீய்ச்சிக் கழுவினேன். குறை சொல்ல முடியாத மோல்டு. வீக்கம் வடிந்ததும் மாட்டினாள், அன்றைக்கே காது மறுபடி வீங்கிவிட்டது. வேறு ரெசினில் செய்தோம், அதற்கும் வீங்கியது. காது டாக்டர் விளக்கிச் சொன்னார். இறுகாத ரெசின் ஒரு தடவை தோலுக்குள் இறங்கி ஒத்துக்கொள்ளாமல் போய்விட்டால், பிறகு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் தோல் அதை ஏற்காதாம். ரப்பர் மாதிரியான பொருளிலும் செய்து பார்த்தார்கள். ஆனால் அதற்குள் காதுத்துளை புண்ணாகிப் புண்ணாகி ஆறியதில் தழும்பேறிச் சுருங்கிவிட்டது. எதுவும் உள்ளே போகாது. அறுத்துத்தான் பார்க்க வேண்டும், உறுதி சொல்ல முடியாது என்றார்.

இது முன்பே தெரியுமா என்று நீங்கள் இப்போது கேட்பீர்கள். எனக்கு முன் அந்த மேசையில் வேலை பார்த்தவர் கையுறை போடாமல் கழுவியவர். இன்று அவர் பட்டறை வாசலில் வந்து நின்றாலே முகம் வீங்கிவிடும். நான் சேர்ந்த அன்று கையுறையைக் கொடுத்துக்கொண்டே முதலாளி இதைச் சொன்னார். "ஒருதடவை பிடிச்சுதுன்னா ஆயுசுக்கும் விடாது, ஜாக்கிரதை," என்றார். தெரிந்திருந்தது என்றே எழுதிக்கொள்ளுங்கள்.

அதற்குப்பிறகு எனக்குப் பித்துப் பிடித்த மாதிரி ஆகிவிட்டது. ஸ்பிரிட்டை வீட்டுக்கே கொண்டுவந்து, அவளுடைய மோல்டுகளைக் கழுவிக்கொண்டே இருந்தேன். காலையில் எழுந்ததும் கழுவுவேன், வேலையிலிருந்து வந்ததும் கழுவுவேன். ஸ்பிரிட்டில் கிடந்து கிடந்து அவை வெளுத்து விரிசல் விட்டன. வெறும் கையால்தான் கழுவினேன். வந்ததிலிருந்து தோலுரிந்த என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள், வலி ஒன்றும் இல்லை. இன்னும் ஒருதரம் கழுவினால் சரியாகிவிடும் என்றே தோன்றிக்கொண்டிருந்தது.

நான் ஒழுங்காகக் கழுவாத அந்த ஜோடியை மட்டும் அவள் என்னிடம் தரவில்லை. அதை ஏன் வைத்திருக்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை. ஒருநாள் நான் கழுவிக்கொண்டிருந்த இடத்துக்கு வந்து, முதலில் நல்ல மோல்டை மூக்கருகில் வைத்தாள். பிறகு அந்தக் கழுவாத மோல்டை வைத்தாள்.

"இதுல உங்க சட்டை வாசனை வருதுப்பா."

நான் நிமிரவில்லை. வேலை முடிந்து வந்தால் என் சட்டையில் ரெசின் நெடி அடிக்கும். அதைத் துவைக்கிறவள் அவள்தான்.

என் முகவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். "இதை ரெண்டாவது தொட்டில போட்டீங்களா?"

சாப்பிடும்போது அவளுக்கு நான் சொன்ன கதையெல்லாம் வேலைக் கதைதான். எந்தத் தொட்டி எதற்கு, பளபளப்பு என்றால் என்ன, எல்லாம் அவளுக்கு அத்துப்படி. "லைட்டக்கா பெட்டில ஒழுங்கா வெச்சிருக்க மாட்டாங்க," என்றேன். முதலாளியிடமும் அதையேதான் சொன்னேன். லைட்டக்காவை நிறுத்திவிட்டார்கள். போகும்போது அந்த அம்மாள் என்னிடம் வந்து, "உங்க பொண்ணு காதை நான் கெடுத்துட்டேனே," என்று அழுதார். நான் அவரைத் தேற்றி அனுப்பினேன். அவர்மேல் ஒரு தப்பும் இல்லை. இதை அடிக்கோடிட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவரைத் திரும்ப வேலைக்கு எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

புகார் கொடுத்தது யார் என்று நீங்கள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. உங்கள் மேசையில் அந்தப் பைக்குள் இருக்கிற மோல்டைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அதனால்தான் உங்களுக்கு வீண் சிரமம் வைக்காமல் எல்லாவற்றையும் சொல்கிறேன். நான்தான் செய்தேன். தெரிந்தே செய்தேன், அவள் திரும்பக் கழுவித் தரக் கேட்ட பிறகும் செய்தேன். என் மகளுக்கு இனிக் கேட்காமல் போனதற்குக் காரணம் நான் ஒருவன்தான்.

கையெழுத்து எங்கே போட வேண்டும்? இங்கேயா?

மேடம், சீக்கிரம் விட்டுவிடுவீர்கள் என்றால் நல்லது. அவள் வீட்டில் தனியாக இருப்பாள், வாசலில் யாராவது கூப்பிட்டால்கூடத் தெரியாது. நான் இல்லாமல் அவளுக்கு ஒன்றும் ஓடாது. இப்போது எங்களுக்குப் பழையபடி முகம் பார்த்துப் பேச்சுதான். வாயசைவு தெளிவாகத் தெரியட்டும் என்று மீசையைக்கூட எடுத்துவிட்டேன், கவனித்திருப்பீர்கள். கூடத்து விளக்குக்கு நேர் கீழே நின்று, நிறுத்தி நிறுத்திப் பேசுகிறேன். என்னவோ தெரியவில்லை, நான் பேச வாயெடுத்தால் போதும், அவள் கண்ணை மூடிக்கொள்கிறாள். நான் முடித்து நகர்கிறவரை திறப்பதில்லை. அந்த விளக்கு கண்ணைக் கூசுகிறது போலிருக்கிறது. கடை மூடுவதற்குள் விட்டுவிட்டீர்கள் என்றால், வெளிச்சம் கம்மியான பல்பாக ஒன்று வாங்கிக்கொண்டு போய் மாட்டிவிடுவேன்.